பத்து அலைவுக்கு நாற்பத்தொன்று

ஜூலை 29

ஞானதுரை சார் அறைக்குக் கூப்பிட்டு ஒரு அட்டை கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை. 'மாணவ உதவிப் பயிற்றுநர், இயற்பியல் துறை.' தமயந்தி என்ற என் பெயரைத் 'தமையந்தி' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரியில் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருகிறது. மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்களா என்று அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். அந்தக் கட்டத்தை நிரப்ப மூன்றாம் ஆண்டில் மூன்று பேரைப் பிடித்திருக்கிறார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை, முதலாண்டு ஆய்வகம், முப்பத்தொரு பேர்.

"நல்லா செஞ்சேன்னா பரிந்துரைக் கடிதம் தரேன். எம்.எஸ்சி.க்கு வெளிய போகணும்னு சொன்னல்ல?" என்றார்.

போகவேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். கற்பிக்கும் ஆர்வம், சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் எல்லாம் அவர்கள் படிவத்தில் எழுதட்டும்.

முதலாண்டில் மிச்சமான அப்சர்வேஷன் நோட்டில் இதை எழுதுகிறேன். பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன.

ஜூலை 30

முதல் நாள். ஆங்கிலத்தில் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரி தலையாட்டியவள்தான்.

விதிகளைச் சொன்னேன். சோதனை செய்யும்போதே அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும். கணக்குப் போட்டு என்னிடம் கொண்டுவர வேண்டும். விடை சரியென்றால் சிவப்பில் கையெழுத்து. தப்பென்றால் சிவப்பில் 'ஆர்'. திரும்பச் செய் என்று அர்த்தம். கையெழுத்து வாங்கியதைத்தான் ரெக்கார்டில் பேனாவால் ஏற்ற வேண்டும். ரெக்கார்டில் அடித்தல் திருத்தல் கூடாது. இருந்தால் சார் பக்கத்தைக் கிழித்துவிடுவார். பத்துச் சோதனைக்கும் கையெழுத்து இல்லையென்றால் நவம்பரில் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும்.

கடைசி மேஜையிலிருந்து ஒருத்தி, "அக்கா, தமிழ்ல ஒருக்கா சொல்லுதீங்களா?" என்றாள்.

"மேனுவல்ல இருக்கு. படிச்சுக்கோ" என்றேன்.

சிவப்புப் பேனா இரண்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 6

பதினாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் ஒரே அளவுகள், தசமப் புள்ளிவரை. ஒருவன் என் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தான்.

அது என் ரெக்கார்டுதான். கல்லூரி வாசலுக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் 'மாஸ்டர்' என்று அட்டை போட்டுத் தொங்குகிறது. போன வருடமும் அதுதான், இந்த வருடமும் அதுதான். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு முன்னால் வேறொரு சீனியருடைய ரெக்கார்டு தொங்கியது.

"பதிவு எண்ணையாவது மாத்துடா" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நல்ல பெயர் கிடைத்துவிட்டது. தமயந்தி அக்கா தொந்தரவு பண்ணாத அக்கா.

ஆகஸ்ட் 8

விடுதியில் தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஃபோர்மேன் நிற்கிறான் என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 20

முதல் முறையாக ஒரு 'ஆர்' போட்டேன்.

தமிழில் சொல்லச் சொன்னவள்தான். பெயர் இசக்கியம்மாள். எட்டயபுரம் பக்கம் ஏதோ ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அவளுக்கு முறுக்கு ஊசல். ஒரு கம்பியில் கனமான வட்டத் தட்டைத் தொங்கவிட்டு, லேசாகத் திருகி விட வேண்டும். தட்டு இப்படியும் அப்படியும் திரும்பும். பத்து அலைவுக்கு எத்தனை வினாடி என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்து, கம்பியின் விறைப்பைக் கணக்கிட வேண்டும். பத்து அலைவுக்கு 28.2 வினாடி வரும். விடை எட்டு வரும். எஃகுக் கம்பி. கருவியின் தூணில் ஒட்டிய அட்டையிலேயே 'எஃகு' என்று எழுதியிருக்கிறது.

இவள் 41.6 என்று எழுதியிருந்தாள். விடை 3.7.

ஜோடி சேர்ந்து செய்தவள் 28.2 எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டாள். ஒரே தட்டு, ஒரே கம்பி, ஒரே மேஜை.

"உன் ஜோடிக்கு எப்படிச் சரியா வந்துச்சு?"

"அவ எண்ணலக்கா."

'ஆர்' போட்டேன்.

ஆகஸ்ட் 27

இசக்கியம்மாள், இரண்டாம் முறை. 41.4. 'ஆர்.'

கணக்கைச் சரிபார்த்தேன். கணக்கில் தப்பில்லை. கம்பியின் விட்டத்தை ஸ்க்ரூ காஜில் ஆறு இடத்தில் அளந்திருக்கிறாள். நாங்கள் யாரும் ஓரிடத்துக்கு மேல் அளந்ததில்லை. அந்த ஓரிடத்தையும்...

சுவரில் உலோகங்களின் விறைப்புக்கு நியம அளவுகளின் பட்டியல் தொங்குகிறது. எஃகு 8. செம்பு 4.5. பித்தளை 3.6. அலுமினியம் 2.6. தூசி படிந்திருந்தது. துடைத்தேன்.

எலெக்ட்ரானிக்ஸ் அசைன்மென்ட் எழுதி முடிக்கவில்லை. தலைவலி.

செப்டம்பர் 3

மூன்றாம் முறை. 41.5.

எரிச்சலாகிவிட்டது. எனக்கு முன்னால் ஒன்பது பேர் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சத்தமாகவே கேட்டேன். "உனக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டு கட்டுறவ. லீவு நாள்ல நானும் போவேன். ஒண்ணாப்புலேர்ந்து எண்ணுதேன்."

ஆய்வகம் முழுக்கச் சிரிப்பு. 'தீப்பெட்டி' என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இனி மூன்று வருடத்துக்கு அதுதான் அவள் பெயர். எனக்குத் தெரியும்.

நான் சத்தம் போட்டு அடக்கவில்லை. எங்கம்மாவும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் அதே வேலைதான் பார்க்கிறாள் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடமும் அது இல்லை.

'ஆர்' போட்டேன். பக்கத்தில் மூன்று 'ஆர்' வரிசையாக நிற்கின்றன.

செப்டம்பர் 4

சாப்பிடவில்லை. விடுதிச் சாம்பார்.

செப்டம்பர் 10

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தினேன். மற்ற சோதனைகளில் இரண்டு பின்தங்கிவிட்டாள். முறுக்கு ஊசலை மறுபடி செய்ய மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறாள். சண்முகையா அண்ணன் திறந்துவிடுகிறார். அவர் ஆய்வக அட்டெண்டர், இருபது வருடமாக இங்கே இருப்பவர்.

"வாசல்ல ஜெராக்ஸ் கடை இருக்குல்ல? அங்க மாஸ்டர் இருக்கு. வாங்கிப் பாரு."

"பாத்தேன்க்கா. இருவத்தெட்டுன்னு போட்ருக்கு. எனக்கு வரலியே."

"கவனமாப் பண்ணினா வரும்."

"கவனமாத்தான் பண்ணுதேன். நேத்து நாலு தடவ பாத்தேன். நாப்பத்தொண்ணுக்குக் கீழ வரமாட்டேங்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது உங்க ரெக்கார்டுதானக்கா? உங்களுக்கு இருவத்தெட்டு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப எங்கிட்டதான் என்னமோ கோளாறு" என்றாள். நாலு இருபது பஸ்ஸுக்கு ஓடினாள்.

செப்டம்பர் 12

மதியம் ஆய்வகத்துக்குப் போனேன். யாரும் இல்லை. மின்விசிறியை நிறுத்தினேன். தட்டைத் திருகி விட்டேன்.

41.5.

மறுபடி. 41.6. மறுபடி. 41.5.

கம்பி கறுத்துக் கிடக்கிறது. எத்தனை வருடத்து எண்ணெய், எத்தனை பேர் கை. காம்பஸ் முனையால் மேலே ஓரமாகச் சுரண்டினேன். உள்ளே மஞ்சள். பித்தளை.

சண்முகையா அண்ணன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார். கேட்டேன்.

"பழசு அறுந்துபோச்சும்மா. புதுசு கேட்டு இண்டெண்ட் எழுதிப் போட்டேன், வரல. பிராக்டிக்கல் நாளைக்கின்னு இருக்கு. ஹார்டுவேர் கடையில இருந்தத மாட்டி விட்டேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். பசங்கெல்லாம் எப்பவும் போல எட்டுன்னு எழுதிட்டு வந்தாங்க. சார் கையெழுத்துப் போட்டாரு. சரி, இதுவும் எட்டுதான் போலன்னு விட்டுட்டேன்."

"எப்ப அண்ணே இது?"

"நீங்க சேர்றதுக்கு முந்தின வருசம்."

வயதானவர். வருடத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 17

இசக்கியம்மாள் மற்ற இரண்டு சோதனைகளையும் முடித்துவிட்டாள். இரண்டிலும் அவளுடைய அளவுகள் மாஸ்டரோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் விடை சரியாக வருகிறது. கையெழுத்துப் போட்டேன். முறுக்கு ஊசலைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.

செப்டம்பர் 24

அடுத்த வாரம் பார்க்கலாம்.

அக்டோபர் 3

சார் சொன்னார்: "கடிதத்த நீயே டைப் பண்ணிட்டு வந்துரு. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

எல்லோருக்கும் இப்படித்தான். என்னைப் பற்றி நானே, அவர் குரலில், ஆங்கிலத்தில் எழுதினேன். 'இம்மாணவி அளவீடுகளில் மிகுந்த நேர்மையும் பொறுமையும் உடையவர்' என்று ஒரு வரி வருகிறது. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் இருந்தது. அதை நான் நீக்கவில்லை.

அக்டோபர் 8

ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். வேறு ஏதோ தேடப் போய்த்தான். 'முறுக்கு ஊசல், கம்பி மாற்றப்பட்டது.' தேதி போட்டிருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம்.

சண்முகையா அண்ணனுக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 15

ரெக்கார்டு கொடுக்கக் கடைசித் தேதி இருபத்திரண்டு. இசக்கியம்மாளுக்கு ஒன்பது கையெழுத்து இருக்கிறது.

சாரிடம் போனேன். கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் எதைச் சொல்வது என்று வராந்தாவில் பத்து நிமிடம் நின்றேன். முதலில் கடிதத்தைக் கொடுத்தேன். மேஜையில் வைத்துக்கொண்டார். பிறகு கம்பியைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தன வருசமா?"

"மூணு, சார்."

"ஆக, மூணு பேட்ச். எல்லாரும் எட்டுன்னு எழுதியிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்பப் போயி அது பித்தளைன்னு சொன்னா என்ன ஆகும்? பிப்ரவரியில குழு வருது. எனக்கு மூணு வருசத்துல ரிட்டயர்மென்ட். ரெண்டு இடம் காலியாக் கெடக்கு, ஆள் போட மாட்டேங்கான். வாரம் இருபத்திரண்டு மணி நேரம் நான் கத்துதேன். இதுல நான் போயி ஒவ்வொரு கம்பியா சொரண்டிப் பாக்கணுமா?"

அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.

"அந்தப் பொண்ணு, சார்?"

"இருவத்தெட்டுன்னு எழுதச் சொல்லு. கையெழுத்துப் போடு. முடிஞ்சுது. புதுக் கம்பிக்கு நான் இன்னைக்கே சொல்லிருதேன்."

நான் எழுந்தேன்.

"தமயந்தி, உன் வருசத்துல உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

அக்டோபர் 16

அவளைக் கூப்பிட்டு '28 எழுது' என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை. மூன்று முறை அவள் வகுப்புப் பக்கம் போனேன். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தாமதக் கட்டணம் இல்லை.

அக்டோபர் 18

சொன்னேன்.

"எழுதிரவாக்கா?" என்று கேட்டாள். அழுகிற மாதிரி இல்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதுன்னா எழுதிருதேன். எனக்கு ஒரு வருசம் போயிரக் கூடாது. போச்சுன்னா எங்கய்யா படிப்ப நிப்பாட்டிருவாரு. ஆனா எனக்கு எங்க தப்பு பண்ணுதேன்னு மட்டும் சொல்லிருங்க. அது தெரியாம எனக்கு உறங்க முடியல."

நோட்டைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். மூன்று 'ஆர்'களையும் சிவப்பில் அடித்தேன். கீழே எழுதினேன்: 'அளவு சரி. கம்பி பித்தளை.' கையெழுத்து, தேதி.

"பித்தளையா?" என்றாள். "அட்டையில எஃகுன்னு இருக்கு?"

"அட்டை தப்பு."

"அப்ப உங்களுக்கு எப்படிக்கா..."

வகுப்பு இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 22

ரெக்கார்டுகளை அடுக்கிச் சாரிடம் கொண்டுபோனேன். நாற்பத்தொன்று என்றே ஏற்றியிருந்த இசக்கியம்மாளுடையதை நடுவில் வைத்தேன். பிரித்துப் பார்ப்பார், கத்துவார், பக்கத்தைக் கிழிப்பார் என்று நினைத்து என்னென்னவோ பேசிப் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் போனில் யாரிடமோ மகள் கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டே முப்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் பிரிக்கவில்லை. சான்றிதழ்ப் பக்கம் முதல் பக்கம்தான்.

ஒரு மாதத்துக்கு மேலாக நான் எதற்குப் பயந்தேன்?

அக்டோபர் 28

சண்முகையா அண்ணன் புதுக் கம்பி மாட்டினார். எஃகு. பளபளவென்று இருக்கிறது. நேரம் பார்த்தேன்: 27.9. இப்போது எல்லோருடைய பொய்யும் உண்மையாகிவிட்டது. இசக்கியம்மாளுடையது மட்டும் தப்பாகிவிட்டது.

கடிதம் இன்னும் சார் மேஜையில் இருக்கிறது. கேட்டேன். தேர்வு முடியட்டும் என்றார்.

நவம்பர் 5

செய்முறைத் தேர்வு. கருவி எடுத்துக் கொடுக்க என்னையும் உள்ளே போட்டிருந்தார்கள். வெளித் தேர்வாளராக வந்தவர் திருநெல்வேலியிலிருந்து ஒரு மேடம், ஐம்பது வயதிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு மேஜை மேஜையாக நடந்தார். இப்படி நடக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் காபி குடித்துவிட்டு மார்க் போடுவார்கள்.

சீட்டு எடுத்தார்கள். இசக்கியம்மாளுக்கு முறுக்கு ஊசல்.

எண்ணினாள். 27.8 எழுதினாள். விடை 8.2. மேடம் தாளைப் பார்த்துவிட்டு அவள் ரெக்கார்டைப் பிரித்தார்.

"இங்க நாப்பத்தொண்ணு. தாள்ல இருவத்தெட்டு. ஏம்மா?"

"அப்ப கம்பி வேற மேடம். பித்தள."

மேடம் மேஜையில் இருந்த மற்ற ரெக்கார்டுகளில் நாலைந்தைப் புரட்டினார். "எல்லாரும் அப்பவே இருவத்தெட்டு எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் தனியாக் கம்பி மாட்டினாங்களா?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டும் நான் எண்ணினதுதான் மேடம்."

"இந்த ரெக்கார்ட நான் எப்படி ஏத்துக்க? இருந்த கருவி ஒண்ணு. முப்பது பேருக்கு ஒரு விடை, உனக்கு ஒரு விடை." சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். ரெக்கார்டு ரத்தானால் தேர்வும் ரத்து.

இசக்கியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதுரை சார் என்னைப் பார்த்தார். சண்முகையா அண்ணன் துணியால் ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தார்.

"நான் சொல்லுதேன் மேடம்" என்றேன். மூன்று வருடமாக இந்தக் கட்டிடத்துக்குள் 'சொல்லுதேன்' என்று ஊர்ப் பேச்சில் பேசாமல் பார்த்துக்கொண்டேன். "போன வாரம்வரைக்கும் பித்தளைதான். அவ நோட்டுல கையெழுத்துப் போட்டது நான்தான்."

"நீங்க யாரு?"

அட்டையைக் காட்டினேன்.

"அப்ப இந்த முப்பது பேருக்கும் போட்டது யாரு?"

"அதுவும் நான்தான்."

"இருவத்தெட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் ரெக்கார்டுலேர்ந்து மேடம்."

"உங்க காலத்துல எஃகா?"

"இல்ல மேடம். பித்தளை."

"பித்தளைக்கு இருவத்தெட்டு எப்படி வரும்?"

முப்பத்தொரு பேரும் அளப்பதை நிறுத்திவிட்டார்கள். யாருடைய ஸ்டாப் கிளாக்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அளக்கல மேடம்."

மேடம் பேனாவை மூடிவிட்டு வேறொரு பேனாவை எடுத்து இசக்கியம்மாள் தாளில் மார்க் போட்டார். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. மற்ற ரெக்கார்டுகளை மூடி வைத்தார். முப்பது பேரை அவரால்தான் என்ன செய்ய முடியும்?

ஞானதுரை சார் வெளியே வராந்தாவில் சொன்னார், சத்தமில்லாமல்: "அட்டையக் குடுத்துட்டுப் போ." கொடுத்தேன். கடிதத்தை நான் கேட்கவில்லை.

நவம்பர் 6

பஸ் நிறுத்தத்தில் இசக்கியம்மாள் நின்றாள். நாற்பத்தேழு வாங்கியவள் முகமாக இல்லை. நன்றி சொல்வாள் என்று நினைத்து அருகில் போனேன். ஆமாம், அதற்காகத்தான் போனேன்.

"நீங்க அளக்கவே இல்லையாக்கா?"

"இல்ல."

"பொறவு ஏன்க்கா என்ன மூணு தடவ நிக்க வச்சீங்க? மத்தியானச் சோறு திங்காம பதினோரு நாள் வந்தேன். எண்ணத் தெரியுமான்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. இப்ப எல்லாவனும் என்னத் தீப்பெட்டின்னுதான் கூப்புடுதான்."

பஸ் வந்தது. ஏறவில்லை. பதிலுக்கு நின்றாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

எங்கம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்தான் என்பதை அவளிடம் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

மேலே உள்ள வரியை அடிக்கிறேன். அப்படி நடக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள்.